இருபத்தேழு நிறக் காய்ச்சல்

உப்பந்துறையில் காய்ச்சல்காரர்களின் வியர்வை நிறம் விடத் தொடங்கியது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை. குடிதண்ணீர் லாரி வராமல் எட்டாவது நாள் அது. ஊர் முழுக்க லாரிக்காரனைத் திட்டுவதிலேயே குறியாக இருந்ததால், கடல்தெருவில் பாக்கியமேரி வீட்டுக் கொடியில் ஓர் ஆள் படுத்த அளவுக்கு மயில்கழுத்து நிறத்தில் கறை படிந்த விரிப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்ததை யாரும் நின்று பார்க்கவில்லை, பார்த்த ஒன்றிரண்டு பேரும் புதுச்சேலை சாயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குடத்தோடு நடந்தார்கள். மறுநாள் மேலத்தெருவில் ஒரு வெந்தய மஞ்சள் வந்தது, அதற்கு மறுநாள் பள்ளிவாசல் தெருவில் ஒரு கத்தரிப்பூ ஊதாவும் ஒரு கிளிப்பச்சையும் வந்தன, வாரம் முடிவதற்குள் ஊரின் கொடிகளெல்லாம் தோரணம் கட்டியதுபோல ஆகிவிட்டன. குளிரெடுத்து, பல் கிடுகிடுத்து, மூன்று போர்வைக்கு அடியில் கட்டிலோடு சேர்ந்து நடுங்கி, பிறகு கொதித்து, பிறகு குப்பென்று வியர்த்து ஓயும் மலேரியாக் காய்ச்சல் அந்த ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. வியர்வைக்கு நிறம் வந்ததுதான் புதிது, அதையும் ஊர் நான்கே நாளில் பழகிக்கொண்டது.

பழக முடியாமல் போனவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவள், பரமக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். ஊசியால் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, சிவப்பணுவுக்குள் மோதிரம்போல உட்கார்ந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவது அவள் வேலை. ஊரார் அவளை நர்சம்மா என்று கூப்பிட்டார்கள். நான் நர்சு இல்லை, லேப் டெக்னீஷியன் என்று முதல் மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தாள், நாலாவது வருஷம் நிறுத்திக்கொண்டாள். கிணறெல்லாம் உப்பு என்பதால் வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், அந்தத் தண்ணீரில்தான் கொசு முட்டையிடுகிறது, மூடி போடுங்கள் என்றும் அவள் பதினோரு வருஷமாகச் சொன்னாள். அதை மட்டும் நிறுத்தவில்லை, ஆனாலும் யாரும் போடவில்லை.

நிறம் வந்த பிறகு ஊர் செய்த காரியங்களைச் சொல்லி முடியாது. முதலில் பெயர் வைத்தார்கள்: கடல்தெரு மயில், மேலத்தெரு வெந்தயம், பள்ளிவாசல் ஊதா, பஸ் நிறுத்தத்துப் பாக்கு. பிறகு பெருமை வந்தது. எங்கள் மயில் மூன்று தலைமுறையாக எங்களிடம் இருப்பது, உங்கள் வெந்தயம் போன வருஷம் லாரியில் வந்தது என்று கடல்தெருக்காரர்கள் மேலத்தெருக்காரர்களிடம் சொல்ல, வெளுத்துப்போன மயில் ஒரு நிறமா என்று அவர்கள் திருப்பிக் கேட்க, கடைசியில் போலீஸ் ஏட்டு வந்து இரண்டு தெருவையும் சமாதானம் செய்துவிட்டுப் போனார், போன மூன்றாம் நாள் அவருக்கும் காய்ச்சல் வந்து வெந்தயமாக வியர்த்ததில் மேலத்தெருக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடியையும் ஒரு பார்வை பார்த்தார்கள். மேலத்தெரு ஐயப்பெருமாள் ஊதாவாக வியர்த்தபோது, பள்ளிவாசல் தெருக் கொசு உங்களை எப்போது கடித்தது, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று அவர் மனைவி ஒரு முழு நாள் கேட்டாள், கிரிக்கெட் பார்க்கப் போனேன் என்று அவர் ஒரு முழு நாள் சொன்னார், இரண்டு பேருமே சாப்பிடவில்லை, நடுவில் மாத்திரையையும் அவர் சாப்பிடவில்லை.

மங்கைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது அங்கேதான். யாரும் இப்போது ரத்தம் கொடுக்க வருவதில்லை, விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நர்சம்மா, இது எங்க தெருக் காய்ச்சல்தானான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. வேத்துத் தெருன்னா எங்க மாமியா சும்மா இருக்க மாட்டாக."

"கையைக் கொடும்மா, ரத்தம் எடுக்கணும்."

"ரத்தத்துல என்ன இருக்கு, எல்லாம்தான் துணியிலயே இருக்கே."

மாத்திரை தின்றால் மூன்றாம் நாள் வியர்வை வெளுத்துவிடும். வெளுத்ததும் காய்ச்சல் போய்விட்டது என்று மீதி மாத்திரையை ஜன்னலில் வைத்துவிடுவார்கள். பதினாலு நாள் மாத்திரை பதினாலு நாளும் தின்னணும், ஈரலுக்குள் ஒளிந்திருப்பது வெளியே வராமல் இருக்கத்தான் அத்தனை நாள் என்று மங்கை தொண்டை வறளக் கத்தினாள். நிறம் போயிருச்சேம்மா என்றார்கள். மூன்று வாரம் கழித்து அதே நிறம் திரும்ப வந்தபோது, விருந்தாளி வந்ததுபோல, நம்ம மயில் நம்மை விட்டுப் போகலை பாருங்க என்று விரிப்பை உதறிக் காட்டினார்கள்.

அவள் ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு விரிப்பிலிருந்தும் தபால்தலை அளவு துணி வெட்டி ஒட்டிவைத்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மோதிரம், ஒரே இனம். துணியில் பார்த்தால் ஆறு தெரு உள்ள ஊரில் இருபத்தாறு நிறம். மாவட்டத்திலிருந்து போன் வந்தபோது சொன்னாள்.

"பாசிட்டிவ் எத்தனை மேடம்?"

"எண்பத்து மூணு சார்."

"இனம்?"

"இனம் ஒண்ணுதான் சார். ஆனா அதுக்குள்ள குடும்பம் இருபத்தாறு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி மாத்திரைக்கு அடங்குது. நீங்க யாராவது வந்து பார்க்கணும்."

"குடும்பத்துக்கு ஃபார்மட்ல கட்டம் இல்லையே மேடம்."

"அப்ப கட்டம் போடுங்க சார்."

"அது மேல இருந்து வரணும்," என்றது அந்தக் குரல், பாவம், அதுவும் யாரிடமோ அலுத்துப்போன குரல்தான். மங்கை போனை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து அடுத்த விரிப்பை வெட்டினாள்.

இருபத்தேழாவது நிறம் சித்திரை கடைசியில் வந்தது. புதுப் படகுத்துறை கட்டுவதற்காக ஒடிசாவிலிருந்து வந்திருந்த எழுபது எண்பது பேர் கடல்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். அவர்களுடைய காய்ச்சலுக்கும் நிறங்கள் இருந்தன, பெரும்பாலும் ஒரு செம்மண் சிவப்பு, ஊரார் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே சஞ்சுக்தா என்று ஒருத்தி இருந்தாள், சிமெண்டுச் சட்டி சுமக்கிறவள், ஆறு மாதக் கர்ப்பம். தமிழை அவள் தண்ணீர் லாரி வரிசையில் நின்று கற்றுக்கொண்டதால், மரியாதையாகக் கைகூப்பி, அக்காவுக்குத் தன் ஊர்ச் சொல்லைப் போட்டு, "தீதி, நாசமாப் போறவன் இன்னைக்காவது வருவானா?" என்று மங்கையிடம் விசாரிப்பாள். அவளுடைய விரிப்பில்தான் அது முதலில் விழுந்தது: சட்டிக்கரிக் கருப்பு. மூன்று நாள் மாத்திரை கொடுத்தாள் மங்கை, வெளுக்கவில்லை. மறுபடியும் கொடுத்தாள், வெளுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சஞ்சுக்தாவின் கண்ணும் நாக்கும் சுண்ணாம்பாக வெளுத்தன, விரிப்பு மட்டும் கருப்பாகவே இருந்தது. அதற்குள் கொட்டகையில் இன்னும் நான்கு பேருக்குக் கருப்பு, கடல்தெருவில் இரண்டு பேருக்குக் கருப்பு.

ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவைராயன் உடனே கூட்டம் போட்டார். பெரிய மனிதர், நான்கு விசைப்படகும் ஒரு ஐஸ் பேக்டரியும் வைத்திருப்பவர், பாக்கியமேரியின் கணவர். வெளியூர்க்காரன் கொண்டுவந்த கருப்பு இது, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்டகையைக் காலி செய்துவிட வேண்டும், ஒப்பந்தக்காரரிடம் பேசியாகிவிட்டது என்று மைக்கில் சொல்லச் சொன்னார். மங்கை ஓட்டமும் நடையுமாக ஐஸ் பேக்டரிக்குப் போனாள்.

"தலைவரே, அந்தப் பொண்ணு லாரி ஏறினா வழியிலயே போயிரும். வயித்துல புள்ளை வேற. மாவட்டத்துல வேற மாத்திரை கேட்டிருக்கேன், நாலு நாள் பொறுங்க."

"நர்சம்மா, நீங்க நல்ல மனசு. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல. நம்ம நிறமெல்லாம் நம்மளோட இருந்துச்சு, போச்சு, வந்துச்சு, யாரையும் கொல்லலை. இது அவுக கொண்டாந்தது."

"கொண்டாந்ததுன்னு யாரு சொன்னா?"

"அவுக கொட்டகையிலதானே முதல்ல வந்துச்சு?"

"முதல்ல தெரிஞ்சது அங்க. முதல்ல பொறந்தது எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தெரியாது என்று சொல்லவில்லை, டீ சாப்பிடுறீகளா என்று கேட்டார்.

திரும்பி வந்து அவள் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைத் திறந்தாள். எரிச்சலில் கை பட்டு ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்து, கருப்புத் துணித்துண்டு நனைந்தது. அப்போதுதான் அந்தக் கருப்பு மெல்ல நகர ஆரம்பித்தது, எண்ணெய் சிந்திய காகிதத்தில் பரவுவதுபோலத் துணியில் வட்டம் வட்டமாக விரிந்து, உள்வட்டம் செம்மண்ணாகவும் வெளிவட்டம் மயில்கழுத்தாகவும் பிரிந்து நின்றது. அவள் மற்றவற்றிலும் ஸ்பிரிட்டைச் சொட்டினாள். சில நிறங்கள் ஒற்றை வட்டமாகவே நின்றன. மேலத்தெருவின் பெருமைமிக்க வெந்தயம் பாக்கும் கிளிப்பச்சையுமாகப் பிரிந்தது. பஸ் நிறுத்தத்துப் பாக்குக்குள்ளேயே இன்னும் இரண்டு இருந்தன. வெகுநேரம் அவள் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எழுந்தபோது கால் நடுங்கியது, கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாள், பல்லும் நடுங்கிய பிறகுதான் அது கோபம் இல்லை என்று தெரிந்தது.

அன்றும் அதற்கு ஒருநாள் விட்டு மறுநாளும் அவளுக்குக் குளிரெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வியர்த்து ஓய்ந்து கண் திறந்தபோது வெளியே மைக்கில் ஊர்க்கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். தான் படுத்திருந்த வெள்ளை விரிப்பைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஈரத்தோடு சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஸ்பிரிட் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியிருந்தது. ஒரு பக்கம் கொட்டகைக்காரர்கள் மூட்டைகளோடு நின்றார்கள், லாரி தயாராக இருந்தது, சஞ்சுக்தா ஒரு மூட்டைமேல் சாய்ந்திருந்தாள். மங்கை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, முன்வரிசையில் நின்ற இரண்டு பேரிடம் விரிப்பின் ஆளுக்கொரு முனையைக் கொடுத்து, "விரிங்க," என்றாள்.

விரித்தார்கள். தலை வைத்த இடத்தில் வெந்தயம் இருந்தது, தோளில் ஊதாவும் கிளிப்பச்சையும், முதுகில் மயில்கழுத்து, கைகள் கிடந்த இடத்தில் பாக்கும் அரக்கும் செம்மண்ணும், இன்னும் பெயர் வைக்காத நிறங்கள் விளிம்பெல்லாம், நடுவில் இடுப்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டிக்கரிக் கருப்பு. இதுவரை ஒரு விரிப்பில் ஒரு நிறத்துக்கு மேல் பார்த்தறியாத ஊர் கழுத்தை நீட்டியது.

"பதினோரு வருஷமா எல்லாத் தெருவுலயும் நான் ரத்தம் எடுத்திருக்கேன்," என்றாள் மங்கை, நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு. "எல்லாத் தெருக் கொசுவும் என்கிட்ட எடுத்திருக்கு. இப்ப சொல்லுங்க, என்னை எந்தத் தெருவுல சேர்ப்பீக? இதுல எந்த மூலையை வெட்டி லாரியில ஏத்தப்போறீக?"

பின்வரிசையிலிருந்து ஐயப்பெருமாள் எட்டிப் பார்த்து, "நர்சம்மா, அந்த அரக்கு எங்க பெரியப்பா வீட்டு அரக்கு மாதிரில்ல இருக்கு?" என்றார். இல்லை அது எங்களுடையது என்று வேறொருவர் சொன்னார். மயில் பெரிதாக விழுந்திருப்பதைக் கடல்தெருக்காரர்கள் சுட்டிக்காட்டினார்கள். அரை நிமிஷத்தில் ஏலக்கூடம் இரைச்சலானது, யார் நிறம் எவ்வளவு என்று விரிப்பைச் சாண் போட்டு அளக்க இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"அடக் கடவுளே!" என்று அவள் கத்திய கத்தலில் ஏலத்துக்கு வந்த காக்கைகள் எழும்பின. "வாயை மூடிட்டு இதைப் பாருங்க!"

கருப்பின் நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றினாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கருப்பு விரிந்தது, செம்மண் வட்டமாகவும் மயில்கழுத்து வட்டமாகவும் பிரிந்தது.

"ஒரே கொசு அவுக ரத்தத்தையும் குடிச்சிருக்கு, நம்ம ரத்தத்தையும் குடிச்சிருக்கு. அது வயித்துக்குள்ள ரெண்டும் சேர்ந்து இது பொறந்திருக்கு. அவுக ஊர்ல இந்தக் கருப்பு கிடையாது, தேடினாலும் கிடைக்காது. இது உப்பந்துறையில பொறந்தது. இந்த ஊர்ப் பிள்ளை. இதைப் பெத்தது பாதி அவுக, பாதி கடல்தெரு. லாரியில ஏத்துறதுன்னா ரெண்டு பேரையும் ஏத்துங்க."

"மயில்னா எத்தனையோ வீடு," என்றார் சிலுவைராயன்.

"கொட்டகைக்குப் பக்கத்து வீடு நம்ம வீடுதான்," என்றாள் பாக்கியமேரி. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"உக்காரு மேரி."

"உக்காந்து உக்காந்துதான் இம்புட்டு தூரம் வந்திருக்கு. பங்குனி மாசத்துல இருந்து உங்களுக்கு மூணு தடவை மயில் வந்திருக்கு. மூணு தடவையும் வெளுத்த அன்னைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டீக. அரைகுறையா மாத்திரை தின்னா காய்ச்சல் அந்த மாத்திரையையே ஏமாத்தக் கத்துக்கும்னு நர்சம்மா நம்ம வாசல்ல வந்து சொல்லலையா? நமக்கும் கொட்டகைக்கும் நடுவுல நம்ம ஐஸ் பேக்டரித் தொட்டி இருக்கே, அதுக்கு மூடி இருக்கா? அது எங்க வளர்ந்துச்சுன்னு இனிமேதான் தேடணுமா?"

சிலுவைராயன் மனைவியைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், மூட்டைமேல் சாய்ந்து கிடந்த சஞ்சுக்தாவை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, யாரும் எதிர்த்துப் பேசாததால் யோசிக்காமலே பழகியவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார், ஊரும் பின்னால் நடந்தது. ஐஸ் பேக்டரித் தொட்டியின் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தவர், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஆயிரக்கணக்கான கொசுப்புழுக்கள் படுத்த வாக்கில் மிதப்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தார். இறங்கி வந்தார். அடியில் இருந்த வால்வைத் தன் கையாலேயே திருகித் திறந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததை மங்கை வாழ்நாளில் மறக்கவில்லை. முப்பதாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் கடல்தெருவில் பாய்ந்தது, அதுவும் லாரி வராமல் ஆறாவது நாளில். ஊர் ஒரு நொடி திகைத்தது, அடுத்த நொடி வீட்டுக்கு ஓடியது, ஓடிப்போய்க் குடமும் வாளியும் அண்டாவும் பிளாஸ்டிக் டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்து புழுவோடு சேர்த்து முகந்தது. மேலத்தெரு வந்தது, பள்ளிவாசல் தெரு வந்தது, பஸ் நிறுத்தத்திலிருந்து ஓட்டல்காரர் பால் கேனோடு வந்தார். ஒரு தொட்டியில் இருந்த கொசுவெல்லாம் முந்நூறு வீட்டுக்குப் பங்காகிப் போய்க்கொண்டிருந்தது.

"கொண்டு போகாதீங்க! ஐயோ, அதைக் கொண்டு போகாதீங்க! நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?"

"தண்ணிதானே நர்சம்மா, வீணாப் போகுதுல்ல," என்று குடம் நிறையப் புழுவோடு ஒருத்தி அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மங்கை நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் தெருமுனையை மறித்து நின்றது பாக்கியமேரிதான். தன் புதுக் காட்டன் சேலையை நாலாக மடித்து, போகிற ஒவ்வொரு குடத்தின் வாயிலும் பிடித்து, வடிகட்டாமல் ஒருத்தியும் தாண்டக் கூடாது என்றாள், தலைவர் வீட்டம்மா சொன்னதால் தாண்டவில்லை. கொட்டகைப் பெண்கள் மூட்டையைப் பிரித்துத் தங்கள் துணிகளை எடுத்துக்கொண்டு அடுத்த முனையில் நின்றார்கள். கொட்டகைக்காரர்களை ஏற்ற வந்த லாரிக்காரர் மத்தியானம்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, இரண்டு குடம் வடிகட்டிய தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டு காலி வண்டியோடு போய்ச் சேர்ந்தார். அன்று சாயங்காலமும் அதற்கடுத்த பத்து நாளும் மங்கை குளிரெடுக்காத வேளையெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினாள், தொட்டி வாயில் துணி கட்டச் சொன்னாள், கட்டினார்கள். எங்கள் தொட்டிக்கு எங்கள் நிறத்துணிதான் கட்டுவோம் என்று மேலத்தெருவில் அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

புது மாத்திரை புதன்கிழமை வந்தது, ஏழு நாள் மாத்திரை. மங்கை தான் ஒன்றை விழுங்கிக் காட்டிவிட்டு, கருப்பு வந்த ஏழு பேருக்கும் தன் கையாலேயே கொடுத்தாள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தாள். சிலுவைராயன் பதினாலு நாளும் அவளிடமே வந்து தன் மாத்திரையைத் தின்றுவிட்டுப் போவதாகச் சொன்னார்; சொன்னபடி வந்தார், டீயையும் அவரே கொண்டுவந்தார்.

நாலாம் நாள் காலையில் கொட்டகையில் ஒரே கூச்சல். மங்கை பதறிப்போய் ஓடினாள். சஞ்சுக்தா வாசலில் உட்கார்ந்திருந்தாள், எதிரே கயிற்றில் அவளுடைய விரிப்பு தொங்கியது, காற்றில் படபடத்தது, ஒரு பொட்டுக் கறை இல்லாத வெள்ளை. சுற்றிலும் கொட்டகைக்காரர்களும் கடல்தெருக்காரர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். சஞ்சுக்தா மங்கையின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே அது உதைத்தது, நன்றாகவே உதைத்தது.

"தீதி," என்றாள் அவள், கண் நிறைந்து, "போயிருச்சு. எல்லாம் போயிருச்சு. இனி மாத்திரை வேண்டாம்."

"என்னது?" என்றாள் மங்கை. அவள் குரல் கேட்டுக் கடல்தெருவில் கடைசி வீடுவரை எட்டிப் பார்த்தார்கள். "வேண்டாமா? யாரைக் கேட்டு வேண்டாம்? ஏழு நாள் மாத்திரை, இன்னைக்கு நாலு, இன்னும் மூணு நாள் இருக்கு, உனக்கு எண்ணத் தெரியாதா, இந்த ஊர்ல யாருக்குமே எண்ணத் தெரியாதா? வாயைத் திற. திறங்கிறேன்ல!"

வயிற்றின்மேல் வைத்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.